கேட்காமல் போட்ட பெயர்

எழுதித் தரமாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை, அங்கமுத்து. முதலில் உட்காருங்கள். ஆத்தூரிலிருந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் நின்றபடி வந்தவர் இங்கேயும் நின்றால் எனக்கு என்னவோ போல இருக்கிறது. நாச்சிமுத்து, இவருக்கு ஒரு டீ. சர்க்கரை சேருமா உங்களுக்கு? சேரும் என்கிறார், போடப்பா.

மணி ஒன்றேகால்தான் ஆகிறது. விசாரணை மூன்று மணிக்கு. எதிரே தெரிகிறதே, அதுதான் பல்கலைக்கழகத்தின் மேற்கு கேட். உள்ளே போய் வேப்பமர வரிசையோடு நடந்தால் பத்து நிமிடத்தில் நிர்வாகக் கட்டடம். ஆகவே பதற வேண்டாம்.

நீங்கள் கேட்பதை நானே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். 'கோகிலவாணியின் பெயரை அவளைக் கேட்காமல் துண்டறிக்கையில் போட்டது நான்தான்.' இவ்வளவுதான். அடியில் என் கையெழுத்து. அதை நீங்கள் மூன்று மணிக்குள் விசாரணைக் குழுவிடம் கொடுப்பீர்கள். கொடுத்தால் உங்கள் மகளுக்கு ஹால் டிக்கெட் கிடைக்கும், திங்கட்கிழமை கடைசி செமஸ்டர் பரீட்சையில் உட்காருவாள். கொடுக்காவிட்டால் டி.சி.யைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சரிதானே?

சரி. கோரிக்கை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஒற்றைக் கோரிக்கை, கெடுவோடு. நீங்கள் சேகோ ஃபேக்டரியில் ஜவ்வரிசிக்குக் கிழங்கு அரைக்கிறவர் என்றாள் உங்கள் மகள். எங்களோடு இருந்திருந்தால் உங்களைப் பேச்சுவார்த்தைக் குழுவில் போட்டிருப்பேன்.

எழுதுகிறேன். ஆனால் எழுதுகிறவன் யார் என்று தெரியாமல் அவன் கையெழுத்தை வாங்கிப்போகக் கூடாது. குழுவில் யாராவது 'யாரய்யா இந்தத் துரைக்கண்ணு' என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஜெராக்ஸ் கடைக்காரன் என்றா? பக்கத்துக் கடையில் டைப் அடிப்பதும், பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்கு ஸ்பைரல் போடுவதும் வயிற்றுப்பாடு. என் வேலை வேறு. நாற்பத்தொரு வருடமாக இந்தப் பல்கலைக்கழகத்து வாசலில் நிற்கிறேன். உள்ளே இரண்டு வருடம் இருந்தேன், வெளியே மிச்சம். பதினொரு முறை சிறைக்குப் போயிருக்கிறேன். எத்தனையோ துணைவேந்தர்கள் வந்தார்கள், போனார்கள். நான் போகவில்லை.

நான் படித்ததெல்லாம் துண்டறிக்கையில். ஜனங்கள் நோட்டீஸ் என்பார்கள், நான் துண்டறிக்கை என்பேன். என் அப்பா மில்லில் நூல் ஓட்டியவர். சட்டைப்பையில் மடித்து எடுத்துவருவார், மில் வாசலில் கொடுத்தது என்று. நான் அதைத்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். உலகத்தில் எங்கே என்ன நடக்கிறது, யார் யாரை மிதிக்கிறான், எல்லாம் அதில் இருக்கும். அரைத் தாளில் ஒரு உலகம். வகுப்பில் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் ஞாபகம் இல்லை. அந்தத் தாள்களில் பாதி இன்னும் மனப்பாடம்.

அதில் கற்றுக்கொண்டது ஒரு பாடம்: அடியில் பெயர் இல்லாத தாள் மொட்டைக் கடுதாசி. ஊர், தேதி, பெயர். இந்த மூன்றும் இருந்தால்தான் அது துண்டறிக்கை. 'மாணவர்கள்' என்று போட்டு அனுப்பினால் எந்த மாணவர்கள் என்று கேட்பான். பெயர் போட்டால் வாயை மூடுவான். பெயர் போடுவது என்பது நெஞ்சைக் காட்டுவது.

யாருடைய நெஞ்சு என்று கேட்கிறீர்கள். கிண்டலா? இல்லையென்றால் சரி.

எண்பத்து நாலில் நான் எம்.ஏ. இரண்டாம் வருடம். பொருளாதாரம். விடுதிச் சாம்பாரில் புழு. ஒரு நாள் இல்லை, இரண்டு வாரம். நான் எழுதினேன். ஸ்டென்சில் வெட்டி, மை தடவி, உருளையை உருட்டி முந்நூறு பிரதி. அடியில் என்னோடு சேர்த்து ஐந்து பெயர். என் அறையிலும் பக்கத்து அறையிலும் இருந்தவர்கள். விடிந்ததும் எல்லாத் துறை வாசலிலும் ஒட்டினோம். ஒட்டினேன். மதியம் ஐந்து பேரையும் இடைநீக்கம் செய்தார்கள். நான்கு பேர் மன்னிப்புக் கடிதம் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. அவர்களுக்குப் பட்டம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. ஒருவன் வங்கியில் மேலாளராகி ஓய்வுபெற்றான். போன வருடம் பழைய பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனான். பச்சை விளக்கு எரிகிறது, பஸ்கள் பாய்கின்றன, அதற்கு நடுவே ஓடுகிறான், அறுபத்து நாலு வயதுக்காரன். குற்ற உணர்ச்சி அப்படித்தான் விரட்டும்.

அவர்களைக் கேட்டுப் போட்டீர்களா என்கிறீர்கள்.

ஒரே அறையில் படுத்திருந்தோம், அங்கமுத்து. ஒரே தட்டில் சாப்பிட்டோம். அதே புழு. கேட்க வேண்டுமா? கேட்டால் ஒருவன் அப்பாவைக் கேட்க வேண்டும் என்பான், ஒருவன் யோசிக்க வேண்டும் என்பான். யோசித்தால் எந்தப் போராட்டமும் நடக்காது.

அதில் கந்தவேலு என்று ஒருவன். கணக்கில் கெட்டிக்காரன். அவனுடைய அப்பா இப்படித்தான், உங்களைப் போலவே துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார், மன்னிப்புக் கடிதத்தில் பையனிடம் கையெழுத்து வாங்க. நான் அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். இந்தக் கடைதான், அப்போது நாச்சிமுத்துவின் அப்பா இருந்தார். மூன்று மணி நேரம் பேசினேன். உலக நிலவரத்திலிருந்து ஆரம்பித்தேன். அந்த மனிதர் அப்படியே கட்டுண்டு கிடந்தார். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. நான் முடித்தபோது அலுவலகம் பூட்டிவிட்டார்கள். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார், கெடு முடிந்தது என்று வாங்கவில்லை. பிறகு என்னவோ செய்து ஒரு வருடம் கழித்துச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். இல்லை, அவன் திரும்ப வரவில்லை. நான்கு பேருக்கும் பட்டம் என்றேனே, மூன்று பேருக்குத்தான். ஆமாம், வரவில்லை. தம்மம்பட்டிப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான் என்று கேள்வி. நான் சொல்ல வந்தது, பேச்சின் வலிமை. ஒரு படிக்காத மனிதரை மூன்று மணி நேரம்...

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? மணி ஒன்று ஐம்பதுதான். உட்காருங்கள். உங்களை நான் தாமதப்படுத்தவில்லை. உட்காருங்கள் என்கிறேன். நாச்சிமுத்து, நீ ஏன் சிரிக்கிறாய்?

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன்.

கோகிலவாணி முதலில் வந்தது ப்ராஜெக்ட் டைப் அடிக்க. வேதியியல். வாயில் நுழையாத பெயர்கள். நான் தப்புத் தப்பாக அடிப்பேன், அவள் பக்கத்தில் நின்று திருத்துவாள். மற்ற பிள்ளைகள் என்னைப் பின்னால் 'நோட்டீஸ் தாத்தா' என்பார்கள், எனக்குத் தெரியும். அவள் ஐயா என்பாள். ஒரு நாள் கையால் எழுதிய ஒரு தாளை நீட்டினாள். பெண்கள் விடுதியில் போர்வெல் வற்றிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு லாரித் தண்ணீர், நானூறு பெண்கள். காலை ஆறரைக்குத் தீர்ந்துவிடும். அதைப் பற்றி வார்டனுக்கு ஒரு மனு. 'ஐயா, இத கொஞ்சம் அழகா அடிச்சுக் குடுங்க' என்றாள்.

வாசித்தேன். 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' இரண்டு இடத்தில் பணிவு. கடைசியில் நன்றி வேறு. தண்ணீர் தராதவளுக்கு எதற்கு நன்றி? நான் சொன்னேன், இது மனு இல்லையம்மா, கும்பிடு. நான் எழுதித் தருகிறேன் பார் என்று அங்கேயே பத்து வரி அடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். 'வேண்டாங்கய்யா. எங்களுக்குத் தண்ணி வந்தாப் போதும், வார்டன் அழ வேண்டாம்' என்றாள். தன்னுடையதையே வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது என் பத்து வரியையும் மடித்துப் பையில் வைத்தாள். அதை நான் பார்த்தேன். வேண்டாம் என்கிறவள் ஏன் மடித்து வைக்க வேண்டும்? சொல்லுங்கள்.

குப்பையாக இருக்கலாம் என்கிறீர்கள். சரி, இருக்கலாம்.

அதன் பிறகுதான் அவளுக்கு அம்மை போட்டு நீங்கள் வந்து கூட்டிப்போனது. ஐந்தாம் தேதி. அதை மறுக்கவில்லை நான். இரண்டு வாரம் வேப்பிலையில் படுத்திருந்தாள், போனைத் தொடவில்லை, பத்தொன்பதாம் தேதிதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள். துண்டறிக்கையில் பன்னிரண்டாம் தேதி போட்டிருக்கிறது. ஆகவே அவள் பெயர் கொடுத்திருக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். சரி.

அந்த வாரம் லாரியும் வரவில்லை, மூன்று நாள். ஏழெட்டுப் பெண்கள் கடைக்கு வந்தார்கள். 'தாத்தா, எதையாவது எழுதுங்க, குளிச்சு மூணு நாளாச்சு' என்றார்கள். வரலாறு அழைக்கும்போது இப்படித்தான் அழைக்கும், பெயர் சொல்லி அழைக்காது. எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் நாற்பத்தொரு வருடத்தில் அதைப் போல ஒன்றை எழுதியதில்லை. நானூறு பெண்களின் தாகம் என்று ஆரம்பித்தேன். விடுதிக்கு வரும் லாரித் தண்ணீர் வார்டன் வீட்டுத் தொட்டியில் விழுகிறது என்று எழுதினேன். 'தண்ணீர்த் திருடி' என்று ஒரு வார்த்தை.

நீங்கள் பார்த்தீர்களா என்கிறீர்கள். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னவரை நான் பார்த்தேன்.

வாசித்துக் காட்டினேன். கை தட்டினார்கள். பிறகு சொன்னேன், அடியில் பெயர்கள் வேண்டும், வரிசையாகச் சொல்லுங்கள் என்று. உடனே ஒருத்திக்குக் கிளாஸ் ஞாபகம் வந்தது. ஒருத்திக்கு போன் வந்தது, மணியே அடிக்காத போன். ஒருத்தி, குட்டையான பெண், நேராகவே சொன்னாள்: 'விடுதி மாணவியர்னு போடுங்க தாத்தா. எங்க பேரெல்லாம் போட்டா எங்க வீட்டுல தோல உரிச்சிருவாங்க.' நான் மொட்டைக் கடுதாசியைப் பற்றி விளக்கினேன். கால் மணி நேரம் விளக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் கடையில் நானும் மிஷினும்தான்.

நான் என்ன செய்ய வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். தாள் தயார். வார்த்தை தயார். நானூறு பேர் குளிக்காமல் இருக்கிறார்கள். என் பெயரைப் போடலாம், ஆனால் நான் விடுதி மாணவியா? வெளியாள் என்று ஒரே வார்த்தையில் தூக்கி எறிவான். அப்போது நினைத்தேன், இந்தக் கூட்டத்தில் முதுகெலும்பு உள்ளவள் ஒருத்திதான். தானாக மனு எழுதியவள். ஊரில் படுத்திருக்கிறாள். இங்கே இருந்திருந்தால் கொடுத்திருப்பாள். கொடுத்திருப்பாள் என்பது வேறு, கொடுத்தாள் என்பது வேறு என்கிறீர்கள். அந்த வேறுபாடு அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, அங்கமுத்து. பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். கௌரவம் கொடுக்கிறோம் என்று நினைத்தேன். ஒற்றைப் பெயர். கோகிலவாணி, எம்.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு. கொஞ்சம் பெரிய எழுத்தில்.

காலை எட்டரைக்கு டவுன் பஸ் வந்து நின்றதும் நானே கேட்டில் நின்று கொடுத்தேன். ஐந்நூறு பிரதி. கீழே ஒன்றுகூட விழவில்லை.

ஒன்று கேட்கிறேன், நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். தண்ணீர் வந்ததா இல்லையா? மறுநாளே இரண்டு லாரி. எட்டு நாள் தொடர்ந்து இரண்டு லாரி. அதற்குப் பிறகு பழையபடி ஒன்று என்கிறார்கள், அது வேறு. எட்டு நாள் நானூறு பெண்கள் குளித்தார்கள். அதை யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள். நீங்களும் பேசமாட்டேன் என்கிறீர்கள்.

ஆமாம், உங்கள் பெண் குளிக்கவில்லை. ஊரிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தாள், விடுதி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தெரியும்.

மணி இரண்டு ஐந்து. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் விசாரணையில் நடந்ததை உங்களுக்கு யாராவது முழுதாகச் சொன்னார்களா? எனக்குச் சொன்னது உள்ளே கோப்பு தூக்குகிற ஒருவர், நம்பிக்கையான ஆள். பதிவாளர் கேட்டிருக்கிறார்: 'அந்த ஆள்தானே ஒன்னக் கேக்காம போட்டது? அப்படின்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. அவன போலீஸ்ல ஒப்படைச்சிட்டு ஒன்ன விட்டுர்றோம்.' எதிரே ஐந்து பேராசிரியர்கள். வார்டன் அம்மா கைக்குட்டையோடு ஓரத்தில். உங்கள் மகள் முகத்தில் அம்மை வடு ஆறவில்லை. அவள் சொன்னாள்: 'இல்லைங்க சார். நான்தான் போன்ல பேரு குடுத்தேன். என் பேருதான், நான்தான் குடுத்தேன்.' திரும்பக் கேட்டார்கள். திரும்பவும் அதையே சொன்னாள்.

அதைக் கேட்டுவிட்டு நான் கடைக்குப் பின்னால் போய் நின்றேன். அழவில்லை. தூசி.

இப்போது புரிகிறதா உங்களுக்கு? நான் ஆயிரக்கணக்கில் தாள் அடித்திருக்கிறேன். அடியில் எத்தனையோ பெயர். ஒருவனாவது, ஒரே ஒருவனாவது எனக்கு எதிரே அல்ல, அவர்களுக்கு எதிரே நின்று 'என் பெயர், நான்தான் கொடுத்தேன்' என்று சொல்லியிருக்கிறானா? எல்லோரும் மன்னிப்புக் கடிதம். தூண்டிவிட்டார், ஏமாற்றினார், எனக்குத் தெரியாது. எல்லாக் கடிதத்திலும் நான்தான். பதிவாளர் அலுவலகத்தில் என்னைப் பற்றி ஒரு பீரோ இருக்கிறது, நான் வளர்த்த பிள்ளைகள் எழுதியது. இவள் ஒருத்திதான் எழுதவில்லை. நாற்பத்தொரு வருடத்துக்குப் பிறகு ஒரு பெயர் எனக்கு மனதோடு கிடைத்திருக்கிறது. அதைப் பொய் என்று நானே என் கையால் எழுதித் தர வேண்டும் என்கிறீர்கள். சிறைக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டாவது முறை போவதில் எனக்கு ஒன்றுமில்லை. இது வேறு.

உங்கள் மகளின் தன்மானம் உங்களுக்கு முக்கியம் இல்லையா? அவள் கொள்கைக்காகச் சொன்ன வார்த்தை அது. ஒரு அப்பாவாக நீங்கள் அதைக் காப்பாற்ற வேண்டாமா? பட்டம் என்ன பட்டம். பட்டம் இல்லாமல் நான் இல்லையா? என்னைப் பாருங்கள்.

ஏன் கீழே பார்க்கிறீர்கள்? சொல்ல வந்ததைச் சொல்லுங்கள். நான் எல்லாம் கேட்டுப் பழகியவன்.

என்ன சொன்னாள்?

இன்னொரு தடவை சொல்லுங்கள். அவள் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

'அவரு பாவம்ப்பா. அவருக்கு யாரும் இல்ல. கடைக்குப் பின்னால பைண்டிங் மிஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுலதான் பாயப் போட்டுப் படுக்கிறாரு. போலீஸ் புடிச்சா ஜாமீனுக்கு ஒரு ஆள் வராது. மாத்திரை டப்பாவக்கூட அவரால தொறக்க முடியலப்பா, ஒரு நா நான்தான் தொறந்து குடுத்தேன். எனக்காச்சும் நீ இருக்க.'

இப்படிச் சொன்னாளா.

துண்டறிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? நீங்கள் கேட்கவில்லையா? கேட்டீர்கள். பாதி படித்தேன் என்றாளா? எந்தப் பாதி? சரி, அது உங்களுக்கு எப்படித் தெரியும்.

அந்த டப்பா புது மாதிரி மூடி. அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். யாருக்குமே கஷ்டம்தான். நாச்சிமுத்துவால்கூட முடியாது. என்ன நாச்சிமுத்து, முடியுமா உன்னால்? முடியும் என்கிறான். வாயை மூடிக்கொண்டு பாலைப் பார்.

எனக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

போலீஸ் என்னை அடித்திருக்கிறது, அங்கமுத்து. தொண்ணூற்று ஒன்றில் இடது முழங்கையை உடைத்தார்கள், இன்னும் மடங்காது. மில்காரனின் ஆட்கள் அடித்திருக்கிறார்கள். நான் வளர்த்த பையன்களே ஒரு தேர்தலின்போது சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். எதிலும் எனக்கு இவ்வளவு... பாவம் என்று எவனும் சொன்னதில்லை. திமிர் பிடித்தவன் என்றார்கள், பைத்தியம் என்றார்கள், கலகக்காரன் என்றார்கள். எல்லாம் ஒரு மனிதனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. இருபத்திரண்டு வயதுப் பெண், அம்மை வடுவோடு, தன் படிப்பைத் தூக்கி எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாள். நான் அதை மாலை என்று எண்ணிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பத்து நாளாகத் திரிகிறேன்.

மணி இரண்டு இருபத்தைந்து. தெரியும், தெரியும். தாளைக் கொடுங்கள்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. நான் இதை எழுதினால் அவள் குழுவிடம் பொய் சொன்னாள் என்று ஆகிவிடும். அதற்குத் தனியாக ஒரு நடவடிக்கை எடுப்பான். நிர்வாகத்தின் புத்தி எனக்குத் தெரியும். அவளைப் பொய் சொன்னவளாக நிறுத்த உங்களுக்குச் சம்மதமா?

என்ன? உரக்கச் சொல்லுங்கள், பஸ் சத்தம்.

'பொய் சொன்னவளாவே இருந்துட்டுப் போகட்டுங்க. பரீட்ச எழுதட்டும்.'

சரி.

எழுதுகிறேன். தள்ளி உட்காருங்கள், நிழல் விழுகிறது.

'அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே...' இல்லை. இது கை தானாக எழுதியது. அடித்துவிடுகிறேன். வேறு தாள்.

'பெறுநர், விசாரணைக் குழுத் தலைவர். பல்லாண்டு காலமாகப் பெண்கள் விடுதியில் தண்ணீரின்றித் தவிக்கும் நானூறு மாணவியரின் நியாயமான குரலை நசுக்கும் நோக்கத்துடன்...' ஏன் தலையில் கை வைக்கிறீர்கள்? பின்னணி வேண்டாமா? பின்னணி இல்லாமல் மொட்டையாக எப்படி... சரி. சரி. வேறு தாள்.

நாச்சிமுத்து, நீ என்ன சொன்னாய்? 'ரெண்டு வரிக்கு ரெண்டு குயர் பேப்பரா தோழரே'யா? உன் அப்பாவுக்கு என்மேல் மரியாதை இருந்தது. என்ன சொல்கிறாய்? அவருக்கும் இல்லை என்கிறாயா? புண்ணியமாகப் போகட்டும்.

நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், அங்கமுத்து. அதுதான் சரி. நான் யோசித்தால் கெட்டுவிடும். சொல்லுங்கள். இதுவரை எல்லோருக்கும் நான் சொன்னேன், அவர்கள் எழுதினார்கள். இன்று நீங்கள் சொல்லுங்கள்.

'கோகிலவாணி... பேரு... அவளைக் கேக்காம...' கேட்காமல். ம். 'நான்தான் போட்டேன். அவ அப்ப ஊருல...' அவள் அப்போது அம்மை கண்டு ஊரில் இருந்தாள். 'அவளுக்கு ஒண்ணும் தெரியாது.' ஒன்றும் தெரியாது. இது கொஞ்சம் அதிகம், அவளுக்கு விஷயம் தெரியும், தண்ணீர்ப் பிரச்சினையில் அவளுடைய புரிதல்... இல்லை, எழுதிவிட்டேன். ஒன்றும் தெரியாது. எழுதிவிட்டேன், பாருங்கள்.

அடுத்து? அவ்வளவுதானா? வார்டன் விஷயம்? வேண்டாம். லாரி? வேண்டாம்.

கையெழுத்து. துரைக்கண்ணு. தேதி போட்டாயிற்று. ஊர் போட்டாயிற்று.

மணி இரண்டு முப்பத்தெட்டு. இந்தாருங்கள். நான்காக மடிக்காதீர்கள், கசங்கினால் நம்பமாட்டான். வேப்பமர வரிசையில் நேராகப் போங்கள், மூன்றாவது கட்டடம், மாடியில். வாட்ச்மேன் நிறுத்தினால் மகளுக்கு விசாரணை என்று சொல்லுங்கள், என் பெயரைச் சொல்லாதீர்கள். என்னைத் தேடினால் கடையில்தான் இருப்பேன் என்று மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சொல்ல என்ன இருக்கிறது.

போங்கள். ஓடுங்கள் என்றால் ஓடுங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுங்கள். நான் இப்போது பின்னாலிருந்து கூப்பிடுவேன், அங்கமுத்து. எனக்கு என்னைத் தெரியும். நீங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் ஒரு திருத்தம் இருக்கிறது, ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கத்துவேன். நிற்காதீர்கள்.